வெள்ளை வளைய டயரும் இன்றைய சொகுசுக் காரும்: மலையகப் பாதைகளுக்கு எது பொருந்தும்?

டயர் கடைகளில் வைட்வோல் என்று கேட்டு வாங்கப்படும் வெள்ளை வளைய டயர் இன்றைய சொகுசுக் காருக்குப் பொருந்துமா என்ற கேள்வியை இலங்கையின் மலையகத்தில் பெரும்பாலும் இரு சாரார் எழுப்புகின்றனர். திருமணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர்களும், நானுஓயா புகையிரத நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்துவரும் பங்களா ஹோட்டல்காரர்களும் ஒரு சாரார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிய பின்னர், நீண்ட நாள் ஆசைப்பட்ட ஒரு பென்ஸையோ பி.எம்.டபிள்யூவையோ வாங்கி, அதற்கு ஊரில் வேறெந்தக் காருக்கும் இல்லாத ஒரு தோற்றத்தைக் கொடுக்க விரும்புபவர்கள் மறு சாரார். இருவருக்கும் ஒரே விடை கூற முடியாது. ஆனால் இருவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே. அது, காரில் இப்போது பூட்டப்பட்டிருக்கும் டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டுள்ள இலக்கங்கள்.

225/55 ஆர் 17 என்று அங்கே எழுதியிருந்தால், டயரின் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ஆர் என்பது ரேடியல் என்ற இன்றைய வழக்கமான டயர் அமைப்பு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். அதன்படி பக்கச்சுவர் ஏறக்குறைய 124 மி.மீ. உயரமானது. பி.எம்.டபிள்யூ 5 வரிசையிலும் பென்ஸ் ஈ வகையிலும் சில அடிப்படை மாதிரிகளுக்கு வந்த அளவு இது. அதே கார்களின் சற்று விலை கூடிய மாதிரிகளில் 245/45 ஆர் 18 வரும்போது பக்கச்சுவர் 110 மி.மீ. ஆகக் குறைகின்றது. பெரிய கார்களின் பின் சில்லுகளில் காணப்படும் 285/35 ஆர் 20 அளவில் அது 100 மி.மீ. மட்டுமே. வெள்ளை வளையத்துக்குக் கிடைக்கும் இடம் இந்த உயரத்துக்குள்தான் அடங்க வேண்டும். அதிலும் ரிம்மைப் பாதுகாக்கும் தடித்த விளிம்புக்கும், தரையை நோக்கி வளையும் தோள்பகுதிக்கும் போக எஞ்சுவதே உண்மையில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு.

பழைய கார்களில் இந்தக் கணக்கு வேறு விதமாக இருந்தது. மொரிஸ் மைனரின் பக்கச்சுவர் இன்றைய 17 அங்குல ரிம் கொண்ட பென்ஸின் பக்கச்சுவர் அளவுக்கே உயரமானது என்றாலும், அதன் ரிம் 14 அங்குலம் மட்டுமே. எனவே சில்லின் மொத்த விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இறப்பராகவே தெரிந்தது. 1950களின் பெரிய அமெரிக்கக் கார்களில் இந்தப் பங்கு பாதியை நெருங்கியது. 18 அங்குல ரிம் கொண்ட இன்றைய காரில் அது மூன்றில் ஒரு பங்கு, 20 அங்குலத்தில் கால் பங்கை விடச் சற்று அதிகம். இரண்டரை அங்குல அகலமான முழு வெள்ளை வளையத்தை 100 மி.மீ. பக்கச்சுவரில் இட்டால், எஞ்சும் கறுப்பு ஒரு மெல்லிய கோடாகத் தேய்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளையும் வெள்ளி நிற அலோய் ரிம்மும் ஒன்றாகக் கலந்து, சில்லைச் சுற்றி இறப்பரே இல்லாததுபோன்ற ஒரு தோற்றம் உண்டாகும். பொருத்தமின்மை என்று பலர் உணர்ந்தும் காரணம் சொல்ல முடியாமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான். ரசனையைப் பற்றிய வாதத்துக்கு முன்பே அளவு தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றது.

இந்த வளையம் முதலில் அலங்காரமாகப் பிறந்ததும் அல்ல. ஆரம்பகால டயர்கள் முழுவதுமே வெளிறிய நிறத்தில் இருந்தன. இறப்பரின் இயற்கை நிறத்துடன் நாக ஒட்சைட்டும் சேர்ந்ததால் அந்த வெண்மை வந்தது. பின்னர் காபன் கறுப்பைச் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகின்றது என்று தெரியவந்தபோது, சில உற்பத்தியாளர்கள் அதைத் தரையைத் தொடும் பகுதியில் மட்டும் சேர்த்தனர். பக்கச்சுவர் வெள்ளையாகவே நின்றது. 1920களில் முழுக் கறுப்பு டயரே செல்வந்தரின் அடையாளமாகக் கருதப்பட்டது என்பதை இன்று பலர் அறிவதில்லை. கழுவும் வேலை குறைவு என்பதே அதற்குக் காரணம். 1930களில் நிலைமை தலைகீழாகி, 1934இல் ஃபோர்ட் நிறுவனம் மேலதிகக் கட்டணத்துக்கு வெள்ளை வளைய டயர்களை வழங்கத் தொடங்கியது. போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குப் பின்னர் 1950களில் அகலமான வளையம் உச்சத்தை அடைந்து, 1960களின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மெலிந்தது. 1970களிலும் 80களிலும் வந்த டொயோட்டா கிரவுன் போன்ற ஜப்பானியக் கார்களில் நாம் பார்த்தது இந்த மெல்லிய வரியையே. 2011இல் உற்பத்தி நின்ற லிங்கன் டவுன் கார் என்ற அமெரிக்கக் கார், தொழிற்சாலையிலிருந்தே இந்த வரியுடன் வாங்கக்கூடியதாக இருந்த கடைசிச் சில கார்களில் ஒன்று.

இங்கே ஒரு செய்தியையும் சொல்லிவிடலாம். ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் 1876இல் இறப்பர் கன்றுகள் நடப்பட்ட காலம் முதல் இந்த நாட்டுக்கு இறப்பருடன் நெருங்கிய உறவுண்டு. தேயிலை மலைக்குக் கீழே, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளின் தோட்டங்களிலிருந்து கிடைக்கும் வெளிறிய கிறேப் இறப்பர், வெண்மை தேவைப்படும் பொருட்களுக்காக உலகச் சந்தையில் நன்கு அறியப்பட்டது. இருந்தும் இன்றைய சொகுசுக் காரின் அளவுக்குரிய வெள்ளை வளைய ரேடியல் டயரை இங்குள்ள ஒருவர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியுள்ளது. இந்த விடயம் செலவுக் கணக்கில் மீண்டும் தலைகாட்டும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை அளவுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது காரின் உடலமைப்பை. பழைய கார்களில் மட்கார்ட் கீழே இறங்கி, சில்லின் மேற்பகுதியை மறைத்தது. எனவே வெள்ளை வளையம் முழு வட்டமாகத் தெரியாமல், பளபளக்கும் குரோம் மூடியைச் சுற்றிய ஒரு பிறையாகவே தெரிந்தது. அந்தக் குரோம் பம்பரிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் தொடர்ந்ததால் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. இன்றைய காரின் சில்லு முழு வட்டமாக வெளியே நிற்கின்றது. குரோமும் பல மாதிரிகளில் கறுப்புக்கு இடம்கொடுத்துவிட்டது. முன் கிரில், கண்ணாடி, ரிம் எல்லாமே கறுப்பாக வரும் ஒரு காருக்கு வெள்ளை வளையம் பூட்டுவது, அந்தக் காரை வடிவமைத்தவர் சொன்னதற்கு நேரெதிராகப் பேசுவதாகும். மாறாக, இரட்டை வண்ணம் பூசப்பட்ட மேபாக், செங்குத்தான முன்முகமும் நீண்ட பொனட்டும் கொண்ட ரோல்ஸ் ரொய்ஸ் ஃபாண்டம் போன்றவை குரோமையும் சம்பிரதாயத்தையும் இன்னும் கைவிடவில்லை. அவற்றில் மெல்லிய வரி ஒன்று உறுத்தாது. ஆனால் அத்தகைய கார்கள் நம் பகுதியில் எத்தனை ஓடுகின்றன என்பது வேறு விடயம்.

வண்ணமும் கணக்கில் வரவேண்டும். நம் நாட்டில் மிக அதிகமாக விரும்பப்படும் முத்து வெள்ளைக் காரில் இந்த வளையம் எடுபடுவதில்லை. சுற்றிலும் வெள்ளை இருக்கும்போது, டயரின் வெள்ளை சற்றே மங்கினாலும் அது அழுக்காகவே தெரியும். கருநீலம், கருஞ்சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு ஆகியவற்றில்தான் வளையத்துக்கு வேலை இருக்கின்றது. சாம்பல் நிறத்தில் பயனும் இல்லை, பெரிய பாதகமும் இல்லை.

இனி, கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அகலமான வெள்ளை இறப்பர் வளையம் டயரின் உடலோடு சேர்த்தே வேகவைக்கப்பட்ட ரேடியல் டயர் முதல் வழி. 1914 முதல் இயங்கும் வோக் என்ற அமெரிக்க நிறுவனம் வெள்ளையும் பொன்னிறமும் கலந்த வரியுடன் கெடிலாக் எஸ்கலேட் போன்ற இன்றைய பெரிய வாகனங்களுக்கும் டயர் செய்கின்றது. பழைய கார்களுக்கான அளவுகளில் அகல வளையம் செய்யும் நிறுவனங்களும் அமெரிக்காவில் உள்ளன. இரண்டாவது வழி, அதே முறையில் 15 முதல் 25 மி.மீ. வரையான ஒற்றை வரி மட்டும் கொண்ட டயர். மூன்றாவது, ரிம்மின் உதட்டுக்கும் டயருக்கும் இடையே செருகப்படும் தனி வெள்ளை இறப்பர் வளையம். நான்காவது, இறப்பருக்கான வெள்ளைப் பெயின்ட். ஐந்தாவது வழியைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை: கறுப்பு டயரையே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தை டயரின் தரத்திலோ ரிம்மின் அளவிலோ செலவிடுவது.

பெயின்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ரேடியல் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் புடைத்து மீள்கின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் பக்கவாட்டாகவும் மடிகின்றது. எந்தப் பூச்சும் இதைத் தாங்கி நெடுநாள் நிற்காது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகளும், பிறகு செதில்களும் தோன்றும். கண்காட்சியில் ஒரு நாள் நிறுத்திவைக்கும் காருக்கு அது போதும்.

செருகு வளையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு, எந்த டயருக்கும் பூட்டலாம் என்ற இரண்டு காரணங்களாலும் பலர் நாடுவது இதையே. அலங்கரிக்கப்பட்ட சில முச்சக்கர வண்டிகளில் இவ்வகை வெள்ளை வளையங்கள் அழகாகவே இருக்கின்றன. அந்த வண்டியின் வேகமும் எடையும் குறைவு, சில்லு சிறியது. 1.8 தொன் எடையுள்ள காரில் நிலைமை மாறுகின்றது. வளையத்தின் வெளி விளிம்பு டயருடன் ஒட்டியிருப்பதில்லை. அந்த இடைவெளியில் மணலும் கல்பொடியும் புகுந்து, டயர் புடைத்து மீளும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவரை அரைக்கின்றன. வெளியே வெள்ளை பளபளக்க, உள்ளே இறப்பர் தேய்ந்து நூலிழை தெரியும் நிலைக்கு வந்தாலும் வளையத்தைக் கழற்றும்வரை யாருக்கும் தெரியாது. பஞ்சர் ஒட்டக்கூடிய இடம் தரையைத் தொடும் பகுதி மட்டுமே. பக்கச்சுவரில் ஏற்படும் சேதத்துக்குத் திருத்தம் இல்லை, டயரைக் கழித்துவிட வேண்டியதுதான். கொழும்புக்குப் போகும் வழியில் அதிவேகப் பாதையில் ஏறி மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொட்டால், வளையத்தின் விளிம்பு காற்றில் எழும்பிப் படபடக்கவும் கூடும். இன்றைய சொகுசுக் காருக்கு இந்த வழியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். திருமணத்தன்று மட்டும் பூட்டி மறுநாள் கழற்றுவதாகச் சொல்பவர்கள் உண்டு. மணமக்கள் ஏறிப்போகும் கார் இறங்கப்போவதும் இதே மலைப்பாதையில்தான்.

ஆக, அழகையும் பாதுகாப்பையும் சேர்த்து நோக்கினால் எஞ்சுவன மூன்று: முழு வளையம், மெல்லிய வரி, கறுப்பு. இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும்போது மலையகத்தின் மண்ணும் மழையும் இறக்கமும் குறுக்கிடுகின்றன.

நம் பாதையோரங்களில் மண் சரிந்து கிடக்கும் காலங்களில் தெறிக்கும் சேறு செம்மஞ்சள் நிறமானது. கறுப்பு இறப்பரில் அது காய்ந்து உதிர்ந்தால் தடயமே தெரியாது. வெள்ளையிலோ நுண்ணிய துளைகளுக்குள் இறங்கிப் பழுப்பாக நின்றுவிடும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தில் தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீடிப்பதால், ஆவணி மாத முகூர்த்தங்களுக்கு அந்தப் பகுதியில் ஓடும் கார் சேற்றை விட்டுத் தப்ப முடியாது. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் அதே ஆவணியில் பாதைகள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அங்கே மழை ஐப்பசியிலிருந்தே கனக்கின்றது. எனவே திருமணக் காருக்கு வெள்ளை வளையம் பூட்டலாமா என்ற கேள்விக்கு ஹட்டனிலுள்ளவருக்கும் பண்டாரவளையிலுள்ளவருக்கும் ஒரே விடை சொல்வது நியாயமாகாது. தை மாதத்தில் மட்டும் இது ஏறக்குறைய நேர்மாறாகின்றது. மேற்குச் சரிவு உலர்ந்து, ஊவாப் பக்கத்தில் மழை இன்னும் விட்டபாடில்லாமல் இருக்கும்.

சேற்றைவிடப் பிடிவாதமானது பிரேக் பொடி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரம்பொடை, புஸ்ஸல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது கார் ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்குகின்றது. 1.8 தொன் எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் வெளிவிடும் சக்தியைக் கணக்கிட்டால், எழுபது லீட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதுமானது. அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ள, மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகின்றது. ஐரோப்பியக் கார்களின் பிரேக் கட்டைகள் நன்றாகப் பிடிப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்தும் டிஸ்கிலிருந்தும் உதிரும் இரும்புத் துகள்கள் ரிம்மின் கம்பிகளூடாக வெளியேறி, ஈரத்தில் துருவாக மாறி, முதலில் படியும் இடம் ரிம்மை ஒட்டிய பக்கச்சுவர். முழு வெள்ளை வளையம் இருக்கும் இடமும் அதுதான். ரிம்மிலிருந்து சற்று விலகி நிற்கும் மெல்லிய வரிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஹைபிரிட், மின்சாரக் கார்கள் இறக்கத்தில் மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தி பெட்டரியை நிரப்பிக்கொள்வதால் அவற்றில் பொடி குறைவாகவே வரும். ஆயினும் நுவரெலியாவிலிருந்து நிறைந்த பெட்டரியுடன் இறங்கத் தொடங்கினால் அந்த வசதியும் பாதிவழியில் தீர்ந்துவிடும்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. குளிர் ஊரில் வெயிலால் என்ன கேடு என்று தோன்றலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடுகின்றது. கறுப்பு இறப்பரில் உள்ள காபன் கறுப்பு அந்தக் கதிரைத் தானே உறிஞ்சி இறப்பரைக் காக்கின்றது. வெள்ளைப் பகுதியில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு போன்ற நிறப்பொருட்களையும், கறை விடாத வேறு இறப்பர் வகைகளையும் சேர்த்து அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டியுள்ளது. மேலும், ஓசோனால் வெடிப்பு விழாதிருக்கக் கறுப்பு இறப்பரில் கலக்கும் பொருட்கள் காலப்போக்கில் மெல்ல வெளியே கசியும் இயல்புடையவை. அவை வெள்ளைக்குள் ஊடுருவினால் மஞ்சள் கறை உள்ளிருந்தே எழும்பும். நல்ல உற்பத்தியாளர் இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புப் படையை வைக்கின்றார். மலிவான டயரில் அது போதாமையால், எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் தங்கிவிடுகின்றது. வெள்ளை வளையத்தில் விலை பேசி மிச்சம் பிடிப்பது வீண் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நம் பாதைகளின் அகலத்தையும் இங்கே நினைக்க வேண்டும். எதிரே பஸ்ஸோ கொழுந்து லொறியோ வரும்போது இடப்பக்கம் ஒதுங்கும் கார், கொங்கிறீட் கானின் விளிம்பில் பக்கச்சுவரை உரசாமல் மீள்வது அரிது. கறுப்பு டயரில் அந்த உரசல் ஒரு கீறல் மாத்திரமே. வெள்ளையில் அது கறுப்பு வடுவாகத் தெரியும், ஆழமாக உரசினால் கீழுள்ள கறுப்பு இறப்பரே வெளிப்படும். நகருக்குள்ளேயே ஓடும் காரில் இதைத் தவிர்க்கலாம். கொத்மலைப் பக்கத்துத் தோட்டப் பாதையில் தினமும் போய்வருபவர் தவிர்க்க முடியாது.

தொழில்நுட்பப் பொருத்தத்திலும் சில விடயங்கள் உள்ளன. 225/55 ஆர் 17 என்பதற்கு அருகே 97 டபிள்யூ என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு டயரும் 730 கிலோ எடையையும் மணிக்கு 270 கிலோமீற்றர் வேகத்தையும் தாங்கும் என்று பொருள். வெள்ளை வளைய டயர்கள் பலவற்றில் வேகக் குறியீடு இதைவிடக் குறைவாக, 210 கிலோமீற்றருக்குரியதாக இருக்கும். ஹட்டன் பாதையில் அந்த வேகத்தை எவரும் காணப்போவதில்லை என்பது உண்மையே. ஆனால் வேகக் குறியீடு டயரின் விறைப்பையும், வளைவில் கார் கைக்குக் கட்டுப்படும் விதத்தையும் சேர்த்தே குறிக்கின்றது என்பதால், காரின் கையேடு கேட்பதை விடக் குறைந்ததை நான் தெரிவுசெய்ய மாட்டேன். எடைக் குறியீட்டில் எந்தச் சலுகையும் கூடவே கூடாது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய, விறைப்பான பக்கச்சுவர் கொண்ட ரன்ஃபிளாட் டயருடன் வந்த கார்களில் பெரும்பாலும் மேலதிகச் சில்லே இருப்பதில்லை. அவற்றுக்குச் சாதாரண வெள்ளை வளைய டயரைப் பூட்டினால், இரவில் ரம்பொடை வளைவொன்றில் பஞ்சர் ஆகும்போது கையில் எதுவும் இருக்காது. மேலதிகச் சில்லு ஒன்றையும் வாங்கிப் பின்பெட்டியில் வைக்க வேண்டும், அங்கே இடமிருந்தால்.

ஒரு டயர் சேதமானால் அதே வகையில் இன்னொன்று கிடைக்குமா என்பது அழகைவிடப் பெரிய கேள்வி. கண்டியிலோ ஹட்டனிலோ உள்ள டயர் கடையில் 225/55 ஆர் 17 கறுப்பு டயரை அன்றைக்கே தேடிப்பிடித்துவிடலாம். வெள்ளை வளையத்துக்கு வெளிநாட்டு ஓடர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஒரு பக்கம் ஒரு சில்லு கறுப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் ஓடுவது பார்க்கச் சகிக்காது. நான்கு சில்லுக்கும் எஞ்சினின் இழுவை போகும் கார்களில் இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. தேய்ந்த மூன்று டயர்களுடன் புதிய ஒன்றைச் சேர்த்தால் விட்டங்கள் வேறுபட்டு, நடுவிலுள்ள பொறிமுறைக்குச் சுமை ஏறும். ஆகவே இறக்குமதி செய்பவர் நான்கல்ல, ஐந்து டயர்களுக்காவது கணக்குப் போட வேண்டும்.

வெள்ளை வளைய டயர்களில் பல ஒரு பக்கம் மட்டுமே வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு இல்லாத டயராக இருந்தால், வெள்ளை சலித்துப்போகும் நாளில் ரிம்மில் திருப்பிப் பூட்டிக் கறுப்பு டயராகவே ஓட்டி முடிக்கலாம். சொகுசுக் கார்களுக்கென வரும் டயர்களில் பெரும்பாலானவை உள்ளும் வெளியும் வேறு வேறு வடிவம் கொண்டவை என்பதால், வாங்கும் முன் இதைக் கேட்டுவைப்பது நல்லது.

இவ்வளவும் பார்த்த பின்னர், யாருக்கு எது என்று சொல்லலாம். நுவரெலியாவில் பங்களா ஹோட்டல் நடத்துபவரின் கார், நானுஓயாவுக்கும் ஹோட்டலுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தை மெதுவாக ஓடி, ஒவ்வொரு நாளும் ஓர் ஊழியரால் கழுவப்படும். பழைய கட்டடத்தின் முன் கருநீலக் கார் ஒன்று மெல்லிய வெள்ளை வரியுடன் நிற்பது அந்த வியாபாரத்துக்கு உண்மையிலேயே பயன்தரும். அவருக்கு 17 அங்குல ரிம்மில் மெல்லிய வரி என்பதே என் தெரிவு. ஏப்ரல் வசந்த காலத்தில் ஊர் நிறையும்போது அந்தச் செலவு வீணென்று அவருக்குத் தோன்றாது. திருமணக் கார் வாடகைக்கு விடுபவர், இன்றைய சொகுசுக் காரை வெள்ளை வளையத்தால் பழமையாகக் காட்ட முயல்வதை விட, கறுப்பு டயருடன் அதைச் சுத்தமாக வைத்து, பழமை கேட்கும் வாடிக்கையாளருக்கென ஒரு மொரிஸையோ ஒஸ்டினையோ தனியாகப் பராமரிப்பதே அறிவுடைமை. அந்தக் காரில் முழு வளையம் தன் இயல்பான இடத்தில் இருக்கும்.

ப்ராடோ போன்ற ஜீப்புகளை வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. வெறும் கணக்கின்படி பார்த்தால் இவைதான் மிகப் பொருத்தமானவை. 265/65 ஆர் 17 அளவில் பக்கச்சுவர் 172 மி.மீ., சில்லின் விட்டத்தில் 44 சதவீதம் இறப்பர். 1950களின் பெரிய கார்களின் விகிதத்துக்கு இது அருகில் வருகின்றது. ஆனால் கரடுமுரடான உடலமைப்புக்கு வெள்ளை வளையம் ஒரு வேடமாகவே தெரிகின்றது. அவ்வகை வாகனங்களுக்கு டயரின் எழுத்துகள் மட்டும் வெள்ளையில் புடைத்து நிற்கும் வகை நீண்ட காலமாக வழக்கில் உள்ளது. ஏதாவது வெள்ளை வேண்டுமென்றால் அது போதும்.

சொந்தப் பாவனைக்குக் கார் வைத்திருப்பவருக்கு, 18 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட ரிம் இருந்தால், கறுப்பையே சொல்வேன். அதோடு நில்லாமல், பிரேக்குக்கு இடம் இருக்குமானால் ரிம்மை ஓர் அங்குலம் குறைக்கும்படியும் சொல்வேன். 245/45 ஆர் 18 இன் மொத்த விட்டம் 677.7 மி.மீ., 225/55 ஆர் 17 இன் மொத்த விட்டம் 679.3 மி.மீ. வேகமானி காட்டுவதில் கவனிக்கத்தக்க மாற்றம் எதுவும் வராது. ஆனால் பக்கச்சுவர் 14 மி.மீ. உயர்ந்து, குழிகளிலும் கான் ஓரங்களிலும் ரிம் வளைவது குறைந்து, உள்ளே இருப்பவர்களுக்குப் பாதையின் அதிர்வும் தணிகின்றது. மலையகத்தில் ஒரு சொகுசுக் காருக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள டயர் மாற்றம் இதுவே என்பது என் எண்ணம். இதைச் செய்த பிறகும் வெள்ளை மீது ஆசை தீராவிட்டால், மெல்லிய வரிக்கு வேண்டிய உயரமும் அதனாலேயே கிடைத்துவிடுகின்றது.

வாங்குவதென்று முடிவு செய்தவர், டயர் வந்து சேர்ந்ததும் பக்கச்சுவரில் உள்ள டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு டயர் உற்பத்தியான வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டும். மெதுவாக விற்பனையாகும் பொருள் என்பதால் களஞ்சியத்தில் கிடந்து பழசான டயர் கைக்கு வர வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பகுதியின் மீது பாதுகாப்புக்காக ஒரு நீல நிறப் பூச்சு இருக்கும். அதை வெயிலில் காயவிடாமல், பூட்டிய அன்றே இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவிவிட வேண்டும். அதன் பிறகு வாரந்தோறும் மென்மையான சவர்க்காரம் போதுமானது. வெளுக்கும் திரவங்கள் இறப்பரை உலர்த்தி வெடிக்கவைக்கும். சேர்விஸ் செய்யும் இடங்களில் டயர் பளபளக்கவென்று பூசும் எண்ணெய்ப் பசைகள் வெள்ளையை மஞ்சளாக்கும் என்பதால், காரைக் கழுவக் கொடுக்கும்போதே டயருக்கு எதுவும் பூச வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும்.